வேலியோரத்து விமானங்கள்

விமான நிலையத்திற்குச் செல்கிறோம் என்று நாம் சொன்னால் கேட்போர் யாவரும் தொடுக்கும் வினா ஒன்றே: "யாரை வழியனுப்பப் போகிறீர்கள்?" யாரையும் வழியனுப்பவில்லை, யாரும் வரவுமில்லை, விமானத்தைப் பார்க்கவே செல்கிறோம் என்றால், அவர் நம்மை மேலும் கீழும் நோக்கிவிட்டு, "அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார். நம்மவரிடையே கோழிச்சண்டை பார்க்கப் பத்து மைல் செல்வோர் உண்டு. குதிரைப் பந்தயத்தில் மாதச் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வருவோரும் உண்டு. அவர்களிடம் இவ்வினாவை எவரும் கேட்பதில்லை. காசு செலவின்றி, எவர் குடும்பத்தையும் கெடுக்காமல், ஒரு குறிப்பேடும் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியும் கொண்டு வேலியோரம் நிற்பவன் மட்டுமே விடை சொல்லக் கடமைப்பட்டவன் ஆகின்றான். ஆகவே சொல்லுகின்றோம்.

சிப்பாங், சாங்கி போன்ற பெருநிலையங்களில் நமக்கு அவ்வளவு நாட்டமில்லை. அங்கே விமானங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வெகுதொலைவில், ஓட்டுவோர் முகமும் தெரியாது. சிறு நிலையங்களின் கதை வேறு. ஈப்போ, மலாக்கா பத்து பெரண்டாம், சிங்கப்பூரின் சிலேத்தார் ஆகிய இடங்களில் ஒற்றை இயந்திரமும் இரண்டு அல்லது நான்கு ஆசனங்களும் உள்ள சிறு விமானங்களைக் காணலாம். ஒரு மனிதர் கையில் தாளுடன் நடந்து வருகின்றார். விமானத்தை ஒருமுறை சுற்றி வருகின்றார். இறக்கை விளிம்பைத் தடவிப் பார்க்கின்றார். சக்கரத்தின் முன் குனிகின்றார். பின்னர் இறக்கையின் அடியிலுள்ள சிறு துளை வழியே பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்தி நோக்குகின்றார். நம் நாட்டு ஈரக்காற்றில் எண்ணெய்த் தொட்டியில் நீர் சேர்வதுண்டு. நீர் கனமானது, அடியில் தங்கும். இச்சிறு விமானங்களுக்குரிய பெட்ரோலுக்கு நீலச் சாயம் இட்டிருப்பதால், நிறமற்ற ஒரு துளி அடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தத் துளிக்காக அவர் குவளையை உயர்த்தும் அக்கணத்தை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம், ஒருமுறையும் சலித்ததில்லை.

பார்க்கத் தொடங்குவோர் முதலில் கற்க வேண்டியது இறக்கை எங்கே இருக்கின்றது என்பதே. கூரைபோல் தலைக்குமேல் இறக்கை அமைந்து, அதனை ஒரு சாய்ந்த கம்பி இருபுறமும் தாங்கி நின்றால், அது பெரும்பாலும் செஸ்னா. அவற்றுள்ளும் செஸ்னா 172 என்பது உலகில் மற்றெந்த விமானத்தைக் காட்டிலும் அதிகமாகச் செய்யப்பட்டது; 1956 முதல் இன்றுவரை 44,000க்கு மேல். 1958 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இருவர் இவ்வகை விமானம் ஒன்றில் ஏறி, 64 நாட்கள் தரையைத் தொடாமலே பறந்தனர் என்றால் நம்புவீர்களா? சாலையில் ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியாக எண்ணெயும் கயிற்றின் வழியாக உணவும் ஏற்றிக்கொண்டார்களாம். 1987இல் மேற்கு ஜெர்மானிய இளைஞன் ஒருவன் சோவியத் நாட்டின் காவல் அனைத்தையும் கடந்து மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் அருகே இறக்கியதும் இதே இனந்தான். இத்தனை புகழ் இருந்தும் நேரில் பார்த்தால் பழைய மோரிஸ் கார்போல் எளிமையாக நிற்கும்.

இறக்கை வயிற்றுக்குக் கீழே இருந்தால் பைப்பர் என்று கொள்ளலாம். அதற்கு ஒரே கதவு. அதுவும் வலப்புறத்தில் இறக்கைக்கு மேலே. ஆகவே ஓட்டுபவர் முதலில் இறக்கைமீது ஏறி, உள்ளே நுழைந்து, இடப்புற ஆசனத்திற்கு நகர வேண்டும். மழை நாளில் சேற்றுக் காலோடு ஏறும் மாணவனை ஆசிரியர் ஏசுவதை வேலிக்கு இப்பாலிருந்தே கேட்டிருக்கின்றோம். வாலின் உச்சியில் குறுக்குப்பலகை வைத்ததுபோல் இருந்து, இறக்கை நீண்டு மெலிந்திருந்தால், அது ஆஸ்திரிய நாட்டில் உருவான டைமண்ட். உடல் உலோகமன்று, கண்ணாடி இழையால் ஆனது. தகடும் ஆணியும் கண்டு பழகிய நமக்கு அதன் வழவழப்பு இன்னும் சற்று அயலாகவே தோன்றுகிறது. இது நமது பழமைப் புத்தியாகவும் இருக்கலாம்.

அடுத்தது உடலில் எழுதியுள்ள எழுத்துகள். இவை விமானத்தின் பெயரும் குலமும் சொல்வன. எந்த நாட்டில் பதிவாயிற்று என்பதை முதல் எழுத்துகள் காட்டும். மலேசியாவிற்கு 9எம், சிங்கப்பூருக்கு 9வீ, இந்தியாவிற்கு விடி, தாய்லாந்துக்கு எச்எஸ். வெள்ளையர் ஆட்சியில் மலாயாவிற்கு விஆர்-ஆர் என்றும் சிங்கப்பூருக்கு விஆர்-எஸ் என்றும் இருந்தன. பழைய புகைப்படம் ஒன்றில் இவ்வெழுத்துகள் தெரிந்தால் அது எக்காலத்தது என்று உடனே கூறிவிடலாம். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும் இப்படிப்பட்ட ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் அத்தபாலைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இந்திய ஆகாயப் போக்குவரத்து பிறந்த கதையே சிறு விமானத்தின் கதைதான் என்பதை நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

ஓடுதளத்தின் முனையில் எழுதியுள்ள எண்ணுக்கும் பொருள் உண்டு. சிலேத்தாரில் ஒரு முனையில் 03 என்றும் மறுமுனையில் 21 என்றும் இருக்கும். பின்னால் ஒரு பூச்சியம் சேர்த்தால் 30 பாகை, 210 பாகை. காந்த ஊசி காட்டும் திசை. விமானம் காற்றை எதிர்த்து ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். ஆதலால் காற்று எங்கிருந்து வீசுகின்றது என்று திடலோரத்துத் துணிப்பையைப் பார்த்துக்கொண்டால் எந்த முனையில் நிற்பது என்பது விளங்கிவிடும். இதனை அறியாதவர் நாள் முழுதும் தவறான முனையில் நின்று, வால்களையே பார்த்துவிட்டுத் திரும்புவார்.

பத்து பெரண்டாமில் காலை வேளையே சிறந்தது. விமானம் ஓட்டக் கற்போர் அங்கே வட்டமிட்டுப் பழகுவர். ஏறி, இடப்புறம் திரும்பி, மீண்டும் இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டவுடன் நிற்காமலே மறுபடி ஏறிவிடுவர். ஒருவர் இறங்குவது பஞ்சணையில் வைப்பதுபோல் இருக்கும். மற்றொருவர் மூன்று முறை துள்ளுவார். காற்று குறுக்கே வீசினால் விமானம் நண்டைப்போல் மூக்கை ஒருபுறம் திருப்பிக்கொண்டே வந்து, தரையைத் தொடும் நொடியில் நேராகும். நடுப்பகலுக்குமேல் வெப்பத்தில் காற்று இலேசாகி இறக்கைக்கு வலுக் குறையும், மேகமும் திரளும். இரண்டு மணிக்கெல்லாம் இடி கேட்கத் தொடங்கினால் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

கடை என்றதும் நினைவு வருகின்றது. அங்கே சாலையோரம் ஓர் ஒட்டுக்கடை. நடத்தும் அம்மையார் நம்மவர். விமானத்தை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு நாள் தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஐயா, இப்ப கெளம்பப் போவுது பாருங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். "சத்தம் ரெண்டு தரம் எறங்கி ஏறிச்சுல்ல? அதுக்கப்புறந்தான் போவாங்க."

நாம் வியந்து நின்றோம். இயந்திரத்தில் பொறி உண்டாக்கும் மாக்னட்டோக்கள் இரண்டு உண்டு. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று காக்கும். கிளம்புமுன் ஓட்டுபவர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார். அப்போது ஒலி சற்றே தாழ்ந்து மீளும். இது நாம் நூல் வாயிலாகக் கற்றது. அவ்வம்மையாரோ அடுப்படியில் நின்றே கற்றுவிட்டார். மாக்னட்டோ என்ற பெயரைச் சொன்னோம். "பேரு என்னமோ இருக்கட்டும்" என்று தேநீரை நீட்டினார்.

இப்படி விமானம் பார்க்கும் பழக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் மக்கள் வானத்தை நோக்கி, வருவது தம்முடையதா பகைவருடையதா என்று நொடியில் பிரித்தறியப் பயின்றனர். அதற்கெனவே 1941 ஜனவரியில் ஏரோப்ளேன் ஸ்பாட்டர் என்ற பத்திரிகை தோன்றியது. போர் ஓய்ந்த பின்னும் சிறுவர்கள் குறிப்பேட்டை விடவில்லை. உயிர்காக்கக் கற்ற கலை ஓய்வுநேரக் கலையாயிற்று. ஆனால் ஐயமும் அதனைத் தொடர்ந்தது. 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டுக் களமாட்டா விமானத் தளத்தருகே எண்களைக் குறித்துக்கொண்டிருந்த 12 பிரிட்டிஷாரும் 2 டச்சுக்காரரும் ஒற்றர் என்று பிடிக்கப்பட்டனர். மறு ஆண்டு தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் விடுதலையாயினர். அந்நாட்டு அதிகாரிகளுக்கு, ஒருவன் வெறுமனே விரும்பி எண்களை எழுதுவான் என்பது விளங்கவேயில்லை.

நம் நாடுகளிலும் கவனம் தேவை. துப்பாக்கி ஏந்திய வீரனும் கைதூக்கிய மனிதனும் வரைந்த சிவப்புப் பலகையை அறியாதார் இலர். சிங்கப்பூரில் அப்பலகை நான்கு மொழிகளில் பேசும். தமிழும் அவற்றுள் ஒன்று. தடுப்பதற்காயினும் நம் மொழியை நினைவு கூர்ந்தார்களே என்று மகிழலாம். அப்பலகை கண்ட இடத்தில் நாம் கண்ணாடியையும் எடுப்பதில்லை, குறிப்பேட்டையும் திறப்பதில்லை. மற்ற இடங்களில் காவலரிடம் முன்னரே சென்று, வந்த காரியத்தைச் சொல்லிவிடுவது நலம். கிழிந்த சட்டையுடன் நிற்கும் நம்மவனை ஒரு மாதிரியும் தொப்பியணிந்த வெளிநாட்டானை வேறு மாதிரியும் நடத்தும் காவலர்கள் உளர். அது கண்டு சினமுறுவதைவிட, அவருக்கும் இறக்கையைக் காட்டி இன்னது இன்ன விமானம் என்று சொல்லிக்கொடுப்பது பயன் தருகின்றது. இருவர் இப்போது நமக்கு நண்பர்.

இனி, நம் நெஞ்சுக்கு நெருங்கிய இடத்திற்கு வருகின்றோம். விமானத் திடல் என்றால் நகரத்துக்குரியது என்று எண்ணுவோர், சர்வதேச விமானத் தளக் குறியீடுகளின் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். பகாவ், லாபிஸ், செகாமட், பெந்தா, கிரிக் என்று நம் தோட்டத்து உறவினர் வாழ்ந்த ஊர்ப்பெயர்கள் அதில் வரிசையாக வரும். தெலுக் இந்தானை அடுத்த ஜெண்டராத்தா தோட்டத்தின் பெயரும் அதில் உண்டு. ஆற்றையும் சதுப்பையும் கடந்து செல்ல வேண்டிய இடங்களில் துரைமாருக்கு ஆகாயவழி எளிதாயிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சாலைகள் ஆபத்தானபோது, ஆஸ்டர் என்னும் துணி போர்த்திய சிறு விமானங்கள் காட்டோரத் திடல்களில் இறங்கி ஏறின. பின்னர்ச் செம்பனைக்கு உரம் தூவவும் விமானங்கள் வந்தன. இன்று இத்திடல்களிற் பலவற்றில் விமானம் இறங்குவதில்லை. சில இடங்களில் எங்கே ஓடுதளம் இருந்தது என்று காட்டவும் ஆளில்லை.

பேராக்கில் ஒரு தோட்டத்தில் காட்ட ஆள் இருந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டா. எண்பதைக் கடந்த முதியவர். லயத்து வாசலில் அமர்ந்திருந்தவர், நாம் கேட்டதும் தடியை ஊன்றி எழுந்து, செம்பனை வரிசைகளுக்கிடையே அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் நின்று, "இங்கருந்து அந்த வாய்க்கா வரைக்கும், தம்பி" என்றார். மரங்களைத் தவிர நமக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் காலால் தழையை விலக்கினார். பாதி புதைந்த ஒரு கல். அதன்மேல் சுண்ணாம்பின் தடம். ஓடுதளத்தின் ஓரக்கல்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அத்திடலின் புல்லை வெட்டியவர் அவர். புல் ஒரு சாணுக்குமேல் வளர்ந்தால் கிராணி ஏசுவாராம். விமானம் வரும் நாளில் மாடுகளை ஓட்டிவிடுவதும் அவர் வேலை. "துணிப்பை கிழிஞ்சு போனா, புதுசு வர மாசக்கணக்காகும். ஈரத் தழையைக் கொளுத்தி வைப்பேன். பொகை சாயுற பக்கத்தைப் பாத்துத்தான் எறங்குவான்" என்றார். விமானங்களின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் வால் தாழ்ந்து நின்றது, மூக்குச் சக்கரத்தோடு வந்தது, மழையில் இறங்கத் தயங்கியது என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொன்னார். நாம் குறிப்பேட்டில் இருந்த படங்களைக் காட்டினோம். ஆஸ்டரின்மேல் விரலை வைத்து, "இவன்தான் மொதல்ல வந்தவன்" என்றார்.

ஒரு முறையாவது ஏறியதுண்டா என்று கேட்டோம்.

"ஏர்றதா? சக்கரத்துல சேறு ஒட்டிக்கிட்டு வரும். அதத் தொடைச்சிருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் ஏதுமில்லை. அதுவே நம்மை வருத்தியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவருக்கும், "ஐயா, ஏறி உட்காரும், ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்" என்று சொல்லத் தோன்றவில்லை. நான்கு ஆசனத்தில் இரண்டு காலியாகப் போன நாட்களும் உண்டாம்.

அவருடைய பேத்திக்குப் பதினேழு வயது. தகப்பனார் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகின்றார். தாத்தாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்த அப்பெண், விமானம் ஓட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். தாயார் அழுதார், பெண்பிள்ளைக்கு இது ஏன் என்று உறவினர் வந்து பேசினர். அப்பேச்சை நாம் பொருட்படுத்தவில்லை. தகப்பனார் கேட்டதுதான் கடினமான கேள்வி. "அண்ணே, கடன் வாங்கிச் சேத்துடலாம். கட்ட முடியுமா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

நயமாகப் பேசி அனுப்பிவிடக் கூடிய கேள்வியன்று அது. ஆகவே அறிந்ததைச் சொன்னோம். தொழிலுக்கான உரிமம் பெறக் கிட்டத்தட்ட ஒரு தரைவீட்டின் விலை ஆகும். பத்தாண்டுகளுக்குமுன் இந்நாட்டில் உரிமம் பெற்றும் ஆசனம் கிடைக்காமல் கடை வேலைக்குச் சென்ற இளைஞர் பலர். 2020இல் நோய்த்தொற்று வந்து விமானங்கள் நின்றபோது பணியில் இருந்தோரும் வீட்டில் அமர்ந்தனர். நம் உறவிலேயே ஒரு பையன், பள்ளி ஒன்றின் விளம்பரத்தை நம்பிச் சேர்ந்து, பாதியில் பயிற்சி நின்று, கடனை மட்டும் இன்னும் கட்டிவருகின்றான். இவை ஒருபுறம். மறுபுறம், விமானம் ஓட்டுவோர் ஒருவர் என்றால் அதனைப் பழுது பார்ப்போர் பலர். சுபாங்கிலும் சிலேத்தாரிலும் அத்தொழிற்கூடங்கள் நிறைந்துள்ளன. சிலேத்தாரில் 2012 முதல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பெருவிமானங்களின் இயந்திரங்களையே பொருத்தி முடிக்கின்றது. அப்படிப்பு செலவு குறைந்தது. கையில் தொழில் நிற்கும். பின்னர்ச் சம்பாதித்து ஓட்டவும் கற்கலாம்.

தகப்பனார் முகம் தெளிந்தது. பெண்ணின் முகம் தெளியவில்லை. "மாமா, ஆம்பளைப் பையன் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீங்களா?" என்றாள். ஆம் என்றோம். உண்மையில், நம் உறவுப் பையனிடம் இதையேதான் சொன்னோம், அவன் கேட்கவில்லை. அவள் நம்பினாளா என்பது தெரியவில்லை. இரண்டு படிப்புக்குமான விண்ணப்பத் தாள்களையும் தேர்வு முடிவு வரும்வரை பெட்டியில் வைத்திருப்பது என்று வீட்டார் முடிவு செய்தனர். எது வெளியே வரும் என்பது அவர்கள் குடும்பத்துக் காரியம்.

பள்ளி விடுமுறையில் தாத்தாவையும் பேத்தியையும் நண்பர் ஒருவரின் காரில் பத்து பெரண்டாமிற்கு அழைத்துச் சென்றோம். முதியவருக்கு ஒட்டுக்கடை அம்மையார் நாற்காலி எடுத்துப் போட்டார். மூன்று பைப்பர்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. பெண் எழுத்துகளைக் குறித்துக்கொண்டாள். இறங்குவோரில் யார் துள்ளுகின்றார் என்றும் ஓரத்தில் எழுதினாள். முதியவர் விமானங்களை அதிகம் பார்க்கவில்லை. நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டு, மரங்களின் நுனியையும் துணிப்பையையும் பார்த்தபடி இருந்தார். பத்தரை மணி சுமாருக்கு, "காத்து மாறுது. இனி அந்தப் பக்கமிருந்துதான் வருவானுங்க" என்றார். துணிப்பை அப்போது தளர்ந்து தொங்கியது, எப்பக்கமும் சாயவில்லை. நாம் ஒன்றும் சொல்லவில்லை. பெண் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டாள்: 10.32.

10.50க்கு முதல் விமானம் மறுமுனையிலிருந்து இறங்கியது.